காய்ச்சல் விட்ட பிறகு காதுல "ஙொய்ங்"னு சத்தமா? முதல் நாள்ல இருந்து என்ன செய்யணும்னு படிப்படியா

எனக்கு காய்ச்சல் அஞ்சு நாள்ல விட்டுருச்சு. சளி மட்டும் கொஞ்சம் இருந்துச்சு. ஆறாவது நாள் ராத்திரி லைட்ட அணைச்சுட்டுப் படுத்தா வலது காதுக்குள்ள ஒரு சில்வண்டு கத்துது. எந்திரிச்சு ஜன்னலச் சாத்துனேன், ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணேன், மாடிக்குப் போயி பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுதான்னு கூட பாத்துட்டு வந்தேன், சத்தம் அப்படியே இருக்கு. வீட்டுக்காரர எழுப்பி உங்களுக்கு கேக்குதான்னு கேட்டா ஒண்ணும் கேக்கலையேன்னாரு. அப்பத்தான் அது என் காதுக்குள்ள இருந்து வருதுன்னு புரிஞ்சு வயித்தக் கலக்கிருச்சு, விடிய விடிய தூங்கல.

நான் மதுரை வில்லாபுரத்துல தையக்கடை வச்சிருக்கேன், டாக்டர் கிடையாது. ஆனா அந்த முதல் ஒரு வாரம் யாராச்சும் இதை வரிசையா சொல்லியிருந்தா அவ்வளவு அழுதிருக்க மாட்டேன், அதுக்காகத்தான் எழுதுறேன். இதுக்கு டின்னிட்டஸ்னு பேரு. நம்ம ஊர்ல காது இரைச்சல்னு சொல்லுவோம். இது தனி நோய் இல்ல, காதுல ஏதோ மாறியிருக்குன்னு காட்டுற அறிகுறி.

படி 1: ஆபத்து இருக்கான்னு அன்னைக்கே பாத்துருங்க

மத்த எதையும் விட இதுதான் முக்கியம். போன ஒரு காதுல வச்சுப் பேசுங்க, அப்புறம் அடுத்த காதுல வச்சுப் பேசுங்க. ஒரு காதுல மட்டும் திடீர்னு கேக்குறது குறைஞ்சு போச்சுன்னா, அது ஒரு நாள் ரெண்டு நாள்ல நடந்திருந்தா, சளியாத்தான் இருக்கும்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரப் பாருங்க. உள்காது நரம்பு பக்கம் அடி வாங்கியிருந்தா ஸ்டீராய்டு குடுப்பாங்க, அதை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறாங்களோ அவ்வளவு நல்லது, முதல் ரெண்டு வாரத்தத் தாண்டிட்டா பலன் ரொம்ப குறைஞ்சிரும். மாசக்கணக்குல விட்டுட்டு வந்து கேக்குறவங்கள நெனச்சாலே எனக்கு மனசு பதறும்.

வீட்டுலயே ஒரு சின்ன சோதனை இருக்கு. வாய மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு முனகுங்க. கேக்காத காது பக்கமே அந்த முனகல் சத்தமா கேட்டா பெரும்பாலும் அழுக்கோ, செவிப்பறைக்குப் பின்னாடி நீரோ அடைச்சிருக்கும். நல்லா கேக்குற காது பக்கம் சத்தமா கேட்டா நரம்பு பக்கம் சந்தேகம், அப்ப ஓடணும். இத நம்பி டாக்டர்ட்ட போகாம இருந்துறாதீங்க, எவ்வளவு அவசரம்னு தெரிஞ்சுக்க மட்டும்தான் இது.

தலை சுத்தி நிக்க முடியலன்னாலும், காதுல சீழ் வந்தாலும் தள்ளிப் போடக்கூடாது. முகம் ஒரு பக்கம் கோணிக்கிட்டாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. அப்புறம், சத்தம் நாடித் துடிப்போட சேந்து "டுப் டுப்"னு வந்தா அது வேற வகை. மணிக்கட்டுல நாடி புடிச்சுக்கிட்டே கேட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா டாக்டர்ட்ட அத மொத வார்த்தையா சொல்லணும். ரத்த சோகை, தைராய்டு, ரத்தக்குழாய் கோளாறு இதெல்லாம் பாப்பாங்க.

படி 2: காதுக்குள்ள எதையும் ஊத்தாதீங்க

எங்க அத்தை பாசமாத்தான் வந்தாங்க, தேங்காய் எண்ணெயில பூண்டு தட்டிப் போட்டு காய்ச்சி கரண்டியோட நிக்கிறாங்க. "காது அடைச்சா இதத்தாம்மா எங்க ஆத்தா ஊத்தும்"னு சொல்றாங்க, அவங்க மனசு நோகாம எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு தெரியல. "டாக்டரு ஒரு தடவ பாக்கட்டும் அத்தை, அப்புறம் செய்வோம்"னு சொல்லிட்டேன். காரணம் இதுதான், செவிப்பறையில ஓட்டை இருக்கா இல்லையான்னு நமக்கு வெளிய இருந்து தெரியாது. ஓட்டை இருந்தா எண்ணெய் உள்ள போயி சீழ் பிடிக்கும், சூடு அதிகமா இருந்தா வெந்து போகும்.

மருந்துக் கடையில சொட்டு மருந்து கேட்டு வாங்கி ஊத்துறதும் அப்படித்தான். எனக்கும் ஒரு கடையில காதப் பாக்காமலே ஒரு பாட்டில எடுத்துக் குடுத்தாங்க, நல்லவேளை ஊத்தல. சில சொட்டு மருந்துல இருக்குற ஜென்டாமைசின் ஓட்டை வழியா உள்காதுக்குப் போனா கேக்குற செல்லையே கெடுக்கும். பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி எதுவும் வேண்டாம், அழுக்க இன்னும் உள்ள தள்ளித்தான் விடும்.

படி 3: ஒரு நோட்டுல எழுதுங்க, ஆனா ஒரு தடவ மட்டும்

என்னைக்கு ஆரம்பிச்சது, எந்த காது, விசிலா இரைச்சலா துடிப்பா, கூட அடைப்பு இருக்கா, தலை சுத்துதா. அதுக்குக் கீழ காய்ச்சலுக்கு சாப்பிட்ட மாத்திரை, போட்ட ஊசி எல்லாத்தையும் எழுதுங்க. அட்டையக் கையில எடுத்துட்டே போயிருங்க. ஏன்னா சில மருந்தே காதுல சத்தத்தக் கொண்டு வரும், அதிக அளவு ஆஸ்பிரின், மலேரியாவுக்குக் குடுக்குற குயினைன், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, நீர் பிரியறதுக்குக் குடுக்குற ஃபுரோசமைடு, இதெல்லாம் அந்தக் கணக்குல வரும். அதுக்காக நீங்களா நிறுத்திறாதீங்க, குடுத்த டாக்டர்ட்ட கேட்டுத்தான்.

ஒரு தடவ மட்டும்னு ஏன் சொல்றேன்னா நான் மணிக்கு ஒரு தடவ "இப்ப எவ்வளவு இருக்கு"ன்னு பத்துக்கு மார்க் போட்டு எழுதிக்கிட்டே இருந்தேன், அது சத்தத்தத் தேடித் தேடிக் கேக்குற பழக்கத்த உண்டாக்கிருச்சு. நாலாம் நாள் அந்த நோட்ட மூடி பீரோவுல வச்சப்புறம்தான் கொஞ்சம் நிம்மதி.

படி 4: டாக்டர்ட்ட போனா என்ன நடக்கும்

பயப்பட ஒண்ணும் இல்ல, ஊசியெல்லாம் கிடையாது. லைட் வச்ச கருவியால காதுக்குள்ள பாப்பாங்க. அழுக்கு அடைச்சிருந்தா எடுத்துவிட்டதுமே சிலருக்கு சத்தம் போயிரும். அடுத்து ஒரு இரும்புக் கவைய தட்டி காதுகிட்டயும் நெத்தியிலயும் வைப்பாங்க, நீங்க வீட்டுல முனகிப் பாத்தீங்கல்ல, அந்த சோதனையோட முறையான வடிவம்தான் அது. அப்புறம் ஆடியோகிராம். சத்தம் புகாத சின்ன ரூம்ல ஹெட்ஃபோன் மாட்டி உக்கார வச்சு "பீப்" கேட்டா பட்டன அமுக்கச் சொல்லுவாங்க. உங்க இரைச்சல் நடுவுல பீப் கேக்குதா இல்லையான்னு குழப்பமா இருந்தா சொல்லிருங்க, விட்டு விட்டு வர்ற சத்தமாப் போட்டுப் பாப்பாங்க. ரிப்போர்ட்ல சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழ இறங்க இறங்க கேக்குறது குறைவுன்னு அர்த்தம், பெரியவங்களுக்கு 20, 25 டெசிபல் வரைக்கும் சரியான அளவுதான். தேவைப்பட்டா டிம்பனோமெட்ரின்னு காதுல லேசா காத்தழுத்தம் குடுத்து செவிப்பறை அசையுதான்னு பாப்பாங்க. சத்தம் ஒரு காதுல மட்டும் இருந்து ரிப்போர்ட்ல ரெண்டு காதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா எம்ஆர்ஐ கூட எழுதலாம், கேன்சரோன்னு பதறாதீங்க, விட்டுப்போகக் கூடாதுன்னு பாக்குறதுதான்.

கையில காசு இல்லைன்னு தள்ளிப் போடாதீங்க, கோரிப்பாளையம் பக்கம் நம்ம பெரிய ஆஸ்பத்திரியிலயே, அதான் அரசு ராஜாஜி மருத்துவமனை, காது மூக்கு தொண்டைக்குத் தனிப் பிரிவு இருக்கு. உசிலம்பட்டி, மேலூர்ல இருந்து வர்றவங்க மொத பஸ்ஸப் புடிச்சு காலையிலயே வந்துருங்க.

எனக்கு செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருந்துச்சு, மேல் சுருதியில கேக்குறதும் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. நீர் ஒன்றரை மாசத்துல வத்திருச்சு, சத்தம் பாதிக்குப் பாதி குறைஞ்சுச்சு. மிச்சத்துக்குத்தான் இனி சொல்லப்போற படி.

படி 5: அமைதியான ரூம்ல படுக்காதீங்க

ஒரு வாரம் கழிச்சு கடையத் திறந்தேன். மிஷின்ல உக்காந்து ஒரு பிளவுஸ் தச்சு முடிச்சு நிமிந்தப்பதான் யோசிக்கிறேன், இம்புட்டு நேரம் அந்தச் சத்தம் ஞாபகமே வரலையே! மிஷின் ஓடுனா இல்ல, நின்னா இருக்கு. ராத்திரி ரூமையே கல்லறை மாதிரி அமைதியாக்கிட்டுப் படுத்ததுதான் நான் செஞ்ச தப்புன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

இது எப்படின்னு டாக்டரம்மா சொன்னாங்க. உள்காதுல மயிர்க்கால் மாதிரி நுண்ணிய செல்லுங்க இருக்கு, அதுதான் சத்தத்த நரம்புக்கு அனுப்புது. காதுல இருந்து மூளைக்குப் போற தகவல் குறைஞ்சா மூளை தன் பக்கம் வால்யூமக் கூட்டிக்கும். ரேடியோவுல ஸ்டேஷன் சரியா எடுக்கலைன்னா நாம வால்யூமத் திருகுவோம்ல, பாட்டோட சேந்து இரைச்சலும் ஏறுமே, அதே கதைதான். 1953ல அமெரிக்காவுல ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேரு, காது நல்லா கேக்குற 80 பேர சத்தமே புகாத அறையில உக்கார வச்சிருக்காங்க. 100க்கு 94 பேரு ஏதோ ஒரு சத்தம் கேக்குதுன்னு சொல்லியிருக்காங்க. நல்ல காதுக்கே அப்படின்னா காய்ச்சல்ல அடிபட்ட காதுக்கு கேக்கவா வேணும்.

அதனால செய்ய வேண்டியது இது:

டேபிள் ஃபேன தலைமாட்டுக்கு ரெண்டு மூணு அடி தள்ளி வைங்க. இல்லைன்னா போன்ல மழைச் சத்தம், வைகையில தண்ணி போற மாதிரி ஓடுற சத்தம், இப்படி ஏற்ற இறக்கம் இல்லாத ஒண்ணு. பாட்டு, பேச்சு, சீரியல் வேண்டாம், மனசு அது பின்னாடி போயி தூக்கம் கெட்டுரும். சத்தத்தோட அளவுலதான் விஷயமே இருக்கு. இரைச்சல மொத்தமா அமுக்குற அளவுக்கு வைக்காதீங்க, இரைச்சலும் கேக்கணும் மழையும் கேக்கணும், மழை ஒரு பொட்டு கம்மியா இருக்கணும். மொத்தமா மறைச்சுட்டா மூளைக்கு அதோட பழக எங்க வாய்ப்பு? ரெண்டையும் ஒண்ணா கேட்டு "இது ஆபத்து இல்ல"ன்னு அதுக்குப் பழகணும், நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் குடியிருக்குறவங்க ஹாரன் சத்தத்துல தூங்குறாங்கல்ல, அந்த மாதிரி. இயர்போன் மாட்டிக்கிட்டு தூங்காதீங்க, போன பக்கத்து ஸ்டூல்ல வச்சாப் போதும். 20 நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலைன்னா எந்திரிச்சு அடுத்த ரூம்ல உக்காந்து பூக் கட்டுங்க, துணி மடிங்க, கண்ணு சொக்கும்போது திரும்பப் படுங்க.

எனக்கு இது செட் ஆக மூணு வாரம் ஆச்சு. முதல் நாலு நாள் ஒண்ணுமே தெரியல, விட்டுறலாம்னு இருந்தேன்.

படி 6: பகல்ல

குனிஞ்சே தைக்கிறதால கழுத்து இறுகும், பல்லக் கடிக்கிற பழக்கமும் எனக்கு உண்டு, ரெண்டும் சத்தத்தக் கூட்டுச்சு. அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு தோளச் சுத்துறேன், தாடைய லூஸா விடுறேன். காபிய நிறுத்துனா சரியாயிரும்னு சொல்லுவாங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல, திடீர்னு நிறுத்துனா தலைவலிதான் வரும். ஜிங்கோங்கிற மூலிகை மாத்திரை, துத்தநாக மாத்திரைக்கு காச விடாதீங்க, அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டருங்க சங்கம் 2014ல போட்ட வழிகாட்டுதலே அதெல்லாம் வேண்டாம்னு சொல்லுது. அதே வழிகாட்டுதல் செய்யுங்கன்னு சொல்ற ஒண்ணு சிபிடின்னு ஒரு மனநல ஆலோசனை முறை. அது சத்தத்தக் குறைக்காது, "என் வாழ்க்கையே போச்சு"ன்னு ஓடுற நெனப்ப எடுத்து நிதானமா ஆராயச் சொல்லிக் குடுக்கும், பதட்டம் குறையும். கேக்குறது குறைஞ்சு போனவங்களுக்கு காது மிஷின் மாட்டுனா வெளிச் சத்தம் நல்லா உள்ள போகும், இரைச்சல் பின்னாடி போயிரும். வெக்கப்படாதீங்க, கண்ணாடி போடுறோமே.

ராத்திரி தனியா உக்காந்து செத்துறலாம் போலன்னு தோணுனா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க. அந்த நெனப்பு வர்றது உங்க பலவீனம் இல்ல, தூக்கம் இல்லாத உடம்பு அப்படித்தான் பேசும்.

படி 7: திருவிழா, கல்யாணம், வெடி

நம்ம ஊர்ல சித்திரைத் திருவிழாவ விட்டுட்டு யாரு இருப்பா. போங்க, ஆனா குழாய் ஸ்பீக்கருக்கு நேரா நிக்காதீங்க, பஞ்சு மாதிரி அமுங்குற இயர் பிளக் கொஞ்ச ரூபாய்தான், பையில ஒரு ஜோடி வச்சுக்கங்க, வெறும் பஞ்சு வச்சா பெருசா தடுக்காது. 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம்தான் காது தாங்கும்னு கணக்கு, வேட்டுச் சத்தத்துக்கு ஒரு நொடி போதும். ஆனா வீட்டுலயும் கடையிலயும் நாள் பூரா பிளக் மாட்டாதீங்க, மூளை இன்னும் வால்யூமத்தான் கூட்டும்.

எத்தனை நாள்ல போகும்னு எல்லாரும் கேக்குறீங்க. காய்ச்சல் சளிக்கு அப்புறம் வந்தது பலருக்கு வாரக்கணக்குல, சில மாசத்துல மங்கிரும். ஆறு மாசம் தாண்டுனா நாள்பட்டதுன்னு சொல்லுவாங்க, அப்பவும் மேல சொன்ன பழக்கம் வேலை செய்யும், திரும்ப ஒரு ஆடியோகிராம் மட்டும் எடுத்துக்கங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், கரண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்டு போயி ஃபேன் நின்னுச்சுன்னா திடீர் அமைதியில அந்த வண்டு முழுசா முழிச்சுக்கும், நான் அப்படி ஒரு நாள் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு உக்காந்துட்டேன். அதனால மழைச் சத்தத்த போன்லயே டவுன்லோடு பண்ணி வச்சு, சார்ஜ் ஏத்தி தலைமாட்டுலயே வச்சுக்கங்க.