ரோமர் முறையில் வளையத்துள் வளையம் கோத்த சங்கிலி செய்தல்

ரோமப் பேரரசு காலத்துப் பொன் சங்கிலிகள் பலவற்றில், கோத்த பின் பற்றவைத்த கண்ணி ஒன்றுகூட இராது. ஒவ்வொரு வளையத்தையும் முதலிலேயே வாய் மூடி, பின்னர் மடித்து, ஒன்றின் கண்ணுக்குள் மற்றொன்றை நுழைத்தே பொற்கொல்லர்கள் அவற்றைச் செய்தார்கள்.

ஹட்டன், பதுளைப் பட்டறைகளில் வேலை பழகுவோர் இதைத் தூய வெள்ளியில் தொடங்குவதே நல்லது. செம்பு கலந்த நகை வெள்ளி சூட்டில் கறுத்துவிடும். தூய வெள்ளியோ வெண்காரமும் பற்றவைக்கும் பொடியும் இன்றியே தன்னோடு தான் உருகி ஒட்டும்.

0.8 மி.மீ. கம்பியை 12 மி.மீ. தடிப்புள்ள கோலில் நெருக்கமாகச் சுற்றி, சுருளைக் கழற்றி, நீளவாக்கில் அறுத்து வளையங்களாக்குங்கள். பிடுங்கிப் போட்ட தேயிலைத் தூரில் கடைந்த கோல் இதற்குப் போதும். அது உறுதியான மரம். வளையத்தின் இரு வாய்களும் வெளிச்சம் புகாதபடி பொருந்தியிருக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னர் எந்தத் திறமையாலும் ஈடுசெய்ய முடியாது.

அடுத்து, வளையத்தைக் கரிக்கட்டையில் வைத்து, சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் முழு வளையத்தையும் சுற்றிச் சூடேற்றுங்கள். வெள்ளி 962 பாகை செல்சியஸில் உருகும். அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கி வாயின் கோடு மறையும்போதே சுடரை விலக்கிவிட வேண்டும், தாமதித்தால் வளையம் உருகிக் குண்டுமணியாகத் திரண்டுவிடும். அறையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் அந்த மினுக்கம் தெளிவாகத் தெரியும். மலையகத்து மூடுபனி நாள்களில் கரி ஈரம் இழுத்துக்கொண்டு சூட்டில் வெடித்துத் தெறிக்கும் ஆதலால், அதை முந்திய இரவே அடுப்படியில் உலர்த்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஊதுகுழலை எடுக்க வேண்டாம்.

மூடிய வளையத்துக்குள் வட்டமூக்குக் குறடை நுழைத்து விரித்தால் அது நீள்வட்டமாகும். அதன் இடையை விரல்களால் அமுக்கி, முனைகள் இரண்டும் எதிரெதிரே நிமிர்ந்து நிற்குமாறு மடித்து, அடுத்த நீள்வட்டத்தை அவ்விரு கண்களினூடும் ஒருசேரச் செலுத்தி, அதையும் அவ்வாறே மடியுங்கள். ஒவ்வொரு கண்ணையும் குத்தூசியால் விரித்தால்தான் மறு கண்ணி தடையின்றிப் போகும். நீளம் சேர்ந்ததும், படிப்படியாகச் சிறுக்கும் துளைகளிட்ட பலகையினூடே சங்கிலியை மெல்ல இழுத்தால் கண்ணிகள் சீராகப் படியும்.

கம்பியையும் அக்கால முறையிலேயே செய்ய விரும்புவோர், மெல்லிய தகட்டு நாடாவை முறுக்கி, இரு தட்டையான பரப்புகளுக்கிடையே உருட்ட வேண்டும். பழைய சங்கிலிகளை உருப்பெருக்கியில் பார்க்கும்போது கம்பியில் திருகுத் தடம் தெரிவது இதனாலேயே. பொன்னில் செய்கையில் முறை மாறுவதில்லை. தூய பொன் உருக 1064 பாகை வேண்டும் என்பதால் சுடரை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.