எக்செல்லில் காணாமல் போன 10 டிகிரி

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன கேலிபரேஷன் லேபில் இருந்தபோது நடந்தது. செம்பு 1084.62 டிகிரியில் உறையும், அதை கிராஃபைட் கூட்டுக்குள் உறையவிட்டு நடுக்குழியை பைரோமீட்டரால் (வெளிவரும் கதிர்வீச்சை வைத்து, தொடாமலே வெப்பநிலையை அளக்கும் கருவி) பார்ப்போம். குழியின் பின்சுவர் வாய் வழியாக வெப்பத்தை வெளியே வீசுவதால் உலோகத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், எவ்வளவு என்று கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட 10 டிகிரி வந்தது! அப்படியிருந்தால் பைரோமீட்டரே காட்டிக் கொடுத்திருக்குமே. மே மாத வெயிலில் மூளையும் உருகிவிட்டதோ என்று நினைத்தேன்.

தப்பு என்னவென்றால், சதுர மீட்டருக்கு 193 கிலோவாட் என்ற முழுக் கதிர்வீச்சும் வெளியே போவதாக வைத்திருந்தேன். "தம்பி, அந்தச் சுவருக்கு வெளியே எவ்வளவு தெரியும்?" என்றார் சீனியர் அண்ணன். வாயின் ஆரம் 1.5 மில்லிமீட்டர், ஆழம் 40. இரண்டையும் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.0014தான், மிச்சமெல்லாம் சூடான குழிச்சுவரைத்தான் பார்க்கிறது. அதை அந்த 193 கிலோவாட்டோடு பெருக்கி, 3 மில்லிமீட்டர் சுவருக்குப் போட்டதும் சுமார் 14 மில்லிகெல்வின், அதாவது 0.014 டிகிரிதான்.

அப்புறம் இன்னொன்று, கிராஃபைட்டின் வெப்பக் கடத்துதிறன் சூட்டில் குறையும். அறை வெப்பநிலை மதிப்பைப் போட்டால் விடை பாதியாகிவிடுகிறது, நான் மீட்டர்-கெல்வினுக்கு 60 வாட் என்று வைத்தேன்.