கியோட்டோ போகுமுன் டபுள் பீன்ஸ் ஊறப் போடுங்கள்

இருபத்தாறு வருஷம் திருநெல்வேலி டவுனில் அல்வாச் சட்டி முன்னால் நின்றவன் நான். மகள் ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். ஒரு ஜூன் மாதம், இங்கே குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நேரம், அவளைப் பார்க்கப் போயிருந்தேன். "அப்பா, சும்மா கோயில் கோயிலா சுத்துனா உங்களுக்குப் போரடிக்கும். கியோட்டோவுல இனிப்பு செய்யச் சொல்லித் தாராங்க, பேரு குடுத்துட்டேன்" என்றாள். இனி நம்ம ஊரிலிருந்து போகிறவர்கள் என்னை மாதிரி முழிக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கான வகுப்பில் பெரும்பாலும் அடுப்பையே பார்க்க முடியாது. நான் போனது ஒன்றேகால் மணி நேர வகுப்புதான். பயறு விழுது வெந்து, சீனி சேர்ந்து, நிறம் ஏறி, உருண்டையாகத் தட்டில் வந்துவிடும். நீங்கள் உருவம் பிடிப்பதோடு சரி. அடுப்பு வேலையைப் பார்க்கலாம் என்று போன எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆகவே விழுது கிண்டுவதை ஊரிலேயே பழகிவிட்டுப் போங்கள். வகுப்பில் உருண்டையைத் தொட்டதும் கைக்கு விஷயம் புரியும்.

அது நமக்குத் தெரிந்த வேலைதான். கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பால் எடுத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை வடிக்கிறோம் இல்லையா? அவர்களுடைய 'ஷிரோ அன்' என்ற வெள்ளை விழுதுக்கும் அதே சங்கதி. கடையில் காய்ந்த டபுள் பீன்ஸ் கால் கிலோ வாங்கி ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தோலை உரியுங்கள். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, முதல் கொதித் தண்ணீரையும் கொட்டுங்கள். இந்தப் பயறை அரைவேக்காட்டில் தின்னக் கூடாது என்பதால் இரண்டு தண்ணீரையும் கொட்டாமல் இருந்துவிடாதீர்கள். வேறு தண்ணீரில் குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து, நிறையத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். மேல்தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று தடவை செய்தால் பயற்று வாசம் போய்விடும். பிறகு பழைய வேட்டித் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள்.

பிழிந்ததை எடை போட்டு, 100 கிராமுக்கு 60 கிராம் சீனி சேர்த்துக் கிண்டுங்கள். நான் தடுமாறியது இங்கேதான். அல்வாவில் நெய் பிரிந்து வருவதுதான் நமக்குப் பக்குவம். இதில் நெய்யும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. புறங்கையால் விழுதைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம். உள்ளங்கையை நம்பாதீர்கள், அடுப்படியில் காய்த்துப் போன உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியாது.

இந்த விழுதோடு பசையரிசி மாவுக் களி சேர்த்தால் அதற்கு 'நெரிகிரி' என்று பெயர். அந்த மாவு நம்ம பக்கம் லேசில் கிடைக்காது, இட்லி அரிசி மாவு வேலைக்கு ஆகாது. கவலை வேண்டாம், கியோட்டோக்காரர்களே 'கொனாஷி' என்று கோதுமை மாவில் ஒன்று செய்கிறார்கள். 300 கிராம் விழுதுக்கு 30 கிராம் மைதா பிசைந்து, துண்டு துண்டாகப் பிய்த்து, ஈரத்துணி விரித்த இட்லிக் கொப்பரையில் 25 நிமிஷம் அவியுங்கள். சூட்டோடு துணியில் வைத்துப் பிசைந்து, சிறு சிறு துண்டாகப் பிய்த்து ஆறவிட்டு, மறுபடி சேர்த்துப் பிசையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மழமழவென்று ஆகும்.

வகுப்புக்கு முன்கூட்டியே பேர் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். இங்கிலீஷில் சொல்லித் தருவார்களா? முட்டையோ ஜெலட்டினோ உண்டா? முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு முக்காலி உண்டா? பயறு, அரிசி, சீனி, கடற்பாசி என்று இந்தப் பழைய இனிப்புகளில் பெரும்பாலும் சைவம்தான். ஆனாலும் முட்டை போடுகிற வகைகளும் இருக்கின்றன.

மோதிரம், கடிகாரத்தைக் கழற்றச் சொல்லுவார்கள். இனிப்போடு தருகிற தேநீரின் கிண்ணத்தில் கீறல் விழக் கூடாது என்பதற்காக. வாசனைத் திரவியமும் வேண்டாம். மாவு கையில் ஒட்டியதும் நான் பழக்கதோஷத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினேன். சொல்லிக்கொடுத்த அம்மா ஒன்றும் பேசாமல் பிழிந்த ஈரத்துணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதில் துடைத்துத் துடைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

அன்று செய்தது அஜிசாய். ஊட்டியில் கொத்துக் கொத்தாகப் பூக்குமே ஹைட்ராஞ்சியா, அதேதான். ஜூன் அதன் பருவம் என்பதால் ஜூனில் அந்தப் பூதான். ஊதாவும் நீலமுமான மாவைச் சல்லடையில் அழுத்தினால் ஓமப்பொடி மாதிரி குட்டைக் குட்டை இழையாக விழும். நடுவே வைக்கிற பயறு உருண்டையை இடது கையில் வைத்துக்கொண்டு, ஊசி மாதிரி மூங்கில் குச்சிகளால் இழைகளை எடுத்து ஒட்ட வேண்டும். அடியிலிருந்து சுற்றி வந்து, உச்சியைக் கடைசியில். நான் ஒட்டியது நிற்காதோ என்று அழுத்தினேன், இழையெல்லாம் கூழாகி லட்டு மாதிரி ஆகிவிட்டது. அழுத்தவே தேவையில்லை. வைத்துவிட்டுக் குச்சியைச் சும்மா உருவினால் போதும், ஈரமே பிடித்துக்கொள்ளும்.

செய்ததை அன்றைக்கே தின்றுவிட வேண்டும், ஊருக்குக் கொண்டுவர முடியாது. ஊருக்கு வேண்டுமென்றால் 'வாசன்போன்' சீனியை மர அச்சில் அடித்த காய்ந்த மிட்டாய் வாங்குங்கள். ஜூன் கடைசியில் போனால் 'மினாசுகி' தின்னாமல் வராதீர்கள். அரிசி மாவை அவித்து, மேலே சிவப்புப் பயறு பதித்து, முக்கோணமாக வெட்டியது. ஜூன் 30 அன்று கியோட்டோக்காரர்கள் தின்பது.

இனி தேநீர். இனிப்பை முதலில் தின்று முடித்துவிட வேண்டும், பிறகுதான் கிண்ணத்தைத் தொடலாம். இரண்டையும் மாற்றி மாற்றி வாயில் வைப்பது வழக்கமில்லை. நம்ம ஊரில் அல்வா தின்றதும் ஒரு கை மிக்சர் தருவோமே, அந்த இடத்தை அங்கே கசப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தை வலது கையால் எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு தடவை திருப்புங்கள். கிண்ணத்தின் முகப்பில் வாய் படக் கூடாது என்பதற்காக. கடைசி மிடறைச் சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். வீட்டில் இதற்குத்தான் நான் ஆயுசு முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு வாய் பட்ட இடத்தை விரலால் துடைத்துவிட்டு, எதிர்த் திசையில் திருப்பி வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "ஒசாகி நி" என்றால் 'உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன்' என்று அர்த்தம். அந்த ஒன்று தெரிந்தாலே முகம் மலர்ந்துவிடுகிறார்கள். தரையில் விரித்திருக்கும் பாயின் துணிக்கரையை மட்டும் மிதிக்காதீர்கள்.

நீங்களே கலக்க வேண்டி வந்தால் 'மாட்சா' என்ற பச்சைத் தேயிலைத் தூள் 2 கிராம், 70 மில்லி தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் ஆகாது, 80 டிகிரி போதும். தூளைச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரே மூங்கில் துண்டைச் சீவிச் செய்த துடைப்பம் மாதிரியான 'சாசென்' தருவார்கள். முதலில் அதை வெந்நீரில் நனைத்தெடுங்கள். மோர் மத்து மாதிரி உருட்டக் கூடாது. மணிக்கட்டை மட்டும் ஆட்டி, முன்னும் பின்னும் விறுவிறுவென்று அடிக்க வேண்டும். உரசென்கே என்ற தேநீர் மரபில் நுரை மூடியிருக்கும், ஒமோதெசென்கே மரபில் நுரை குறைவு. அதனால் நுரை வரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

வகுப்பு இல்லாமல் சும்மா உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடித்துப் பார்க்க நினைத்தால் பக்கத்து உஜி ஊருக்குப் போங்கள். பியோதோயின் கோயிலை ஒட்டி நகராட்சியே நடத்துகிற தாய்ஹோஆன் என்ற தேநீர் வீடு இருக்கிறது. கோயிலைக் கண்டுபிடிக்க வழி கேட்கத் தெரியாவிட்டால் பத்து யென் நாணயத்தை நீட்டுங்கள், அதில் அந்தக் கோயில்தான் இருக்கிறது.

ஊருக்கு வந்து முதல் தடவை கொனாஷி செய்து, பழைய கூட்டாளிக்கு ஒன்று கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். "நல்லாத்தாம்வே இருக்கு. நெய்ய எங்க?" என்றார். மிஞ்சிய விழுதை என் வீட்டுக்காரி மாவில் முக்கி எண்ணெயில் போட்டுச் சுசியமாக எடுத்தாள். அது ஐந்து நிமிஷத்தில் காலி.