பேட்டரிக் கொட்டகை இருந்த கொல்லையில் கீரை விதைப்பதற்கு முன்

அம்பத்தூரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கொல்லையில் முன்பு யாரோ கார் பேட்டரி பழுது பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இது எனக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அந்தச் சுவரோரத்து அரைக்கீரையை எத்தனை முறை கடைந்திருப்பேன் என்று கணக்கில்லை. "அங்கேதானேம்மா ஆசிட் தண்ணீரைக் கொட்டுவார்கள்" என்று எதிர்வீட்டுப் பாட்டி பேச்சுவாக்கில் சொன்னார். ஆகவே மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பு, தெருவிலேயே மூத்தவரிடம் போய் உங்கள் மனையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பேட்டரிக் கடை, முலாம் பூசும் பட்டறை, தோல் பதனிடும் இடம், பெயின்ட் உரிந்து கொட்டும் பழைய சுவர் என்று பதில் வந்தால், ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் மண்ணில் தங்கியிருக்கலாம். மண் பரிசோதனை கட்டாயம்.

மண்ணை ஒரே குழியில் எடுக்காதீர்கள். நான் சுவரோரத்தைத் தனியாகவும் தென்னையடியைத் தனியாகவும் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பத்து இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கி, அரை அடி ஆழம் வரை பிளாஸ்டிக் கொத்தால் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ மட்டும் நிழலில் உலர்த்திப் பையில் போட்டேன். மத்திய அரசின் மண்வள அட்டையில் 12 அளவுகள் வரும். அவற்றில் ஈயமும் காட்மியமும் கிடையாது. ஈயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஆய்வகத்தில் பார்ப்பார்கள். கார அமில நிலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

சுவரோர மண்ணில் ஈயம் கிலோவுக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது, தென்னையடியில் நூறுக்குள். வீட்டு மனைகளுக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் 400இலிருந்து 200ஆகக் குறைத்திருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து படிக்கத் தொடங்கினேன். வேர், மண்ணின் ஈரத்தில் கரைந்திருப்பதைத்தான் குடிக்கிறது. அதற்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது. துத்தநாகத்துக்கும் மாங்கனீசுக்கும் திறந்த வாசலில் காட்மியம் நுழைந்துவிடும். ஆர்சனிக், பாஸ்பேட் வாசலிலும் சிலிக்கா வாசலிலும் நுழையும். நெல் சிலிக்காவை ஏராளமாகக் குடிக்கும் பயிர். அதனால்தான் தண்ணீர் நிற்கும் வயலில் அதில் ஆர்சனிக் ஏறுகிறது. அதே வயலைக் காயவிட்டால் ஆர்சனிக் குறைந்து காட்மியம் ஏறும் (நெல்லுக்கு வாய்த்த சோதனையைப் பாருங்கள்!). ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் காட்மியம் அரிசியில் ஏறி, உண்டவர்களின் எலும்பை முறித்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்ற பொருளில் 'இத்தாய் இத்தாய்' என்று அழைக்கப்பட்ட அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அந்த நாட்டு அரசு 1968இல் ஒப்புக்கொண்டது.

உள்ளே போன உலோகம், செடியின் தண்ணீர்க் குழாயான சைலம் வழியாகத் தண்ணீரோடு மேலே ஏறுகிறது. இலையில் தண்ணீர் ஆவியாகிவிடும், உலோகம் தங்கிவிடும். காய்க்கும் விதைக்கும் உணவு பெரும்பாலும் ஃபுளோயம் என்ற வேறு குழாய் வழியாகப் போவதால் அங்கே குறைவாகவே சேர்கிறது. ஈயமோ சோம்பேறி, பெரும்பகுதி வேரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் கீரையில் என்ன ஆபத்து? மழைத்துளி தெறித்து இலையில் ஒட்டும் மண்தான்.

எங்கள் கொல்லைக்கு இதிலிருந்து கிடைத்த முடிவு: சுவரோரம் முள்ளங்கி, கேரட், பீட்ரூட், எந்தக் கீரையும் கூடாது. தென்னையடியில் கத்தரி, வெண்டை, தக்காளி, பந்தலில் புடலை. கீரைக்கு மட்டும் செங்கல் அடுக்கி, அடியில் கனத்த துணி விரித்து, ஓர் அடி உயரத்துக்குப் புதுமண் நிரப்பினேன். விலைக்கு வாங்கும் வண்டல் எந்த ஏரியிலிருந்து வந்தது என்றும் விசாரியுங்கள். சாக்கடை கலந்த ஏரியாக இருந்தால் பணம் கொடுத்து வம்பை வாங்கியதாகிவிடும்.

பேட்டரி ஆசிட்டால் சுவரோர மண் புளித்துப்போயிருந்தது. புளித்த மண்ணில் ஈயமும் காட்மியமும் எளிதில் கரையும். அதனால் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கலந்தேன். ஆர்சனிக் உள்ள மண்ணில் இதைச் செய்யாதீர்கள், அங்கே பலன் தலைகீழாகலாம். மட்கிய எரு ஈயத்தைக் கட்டிப்போடும், ஆனால் இல்லாமல் ஆக்காது. இயற்கை உரம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு உபதேசித்தவர்கள் இந்தப் பாதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். சூரியகாந்தி நட்டால் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்றும் ஒருவர் சொன்னார். ஈயம் தண்டுக்கே சரியாக ஏறாதபோது எத்தனை போகம் நடுவது?

சமையலறையில், வெளி இலைகளைக் கழித்துவிட்டு, சிறிது வினிகர் கலந்த தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். கிழங்கின் தோலைத் தடிமனாகச் சீவுங்கள். கொதிக்க வைத்தால் உலோகம் அழியாது. கொல்லையில் கோழி வளர்த்தால் அந்த மண்ணைக் கொத்தவிடாதீர்கள், முட்டையில் ஈயம் வரும். குழந்தைகள் விளையாடிவிட்டு வந்தால் முதலில் கை கழுவட்டும்.

சுவரோரம் இப்போது செம்பருத்தி பூத்திருக்கிறது. தரை தெரியாமல் தென்னை மட்டை பரப்பியிருக்கிறேன். மாமியாருக்கு மட்டும் அந்த அரைக்கீரையின் ருசி மறக்கவில்லை. போன வாரமும் கேட்டார்.