ப்ளூபெர்ரி இறக்குமதி: சரக்கு கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகள் விடுதிகளாக மாறிய பிறகு, காலைப் பலகாரத்தோடு ப்ளூபெர்ரியும் கேட்கிறார்கள். "அண்ணே, பெருவுலேர்ந்து நாமளே நேரா இறக்கிட்டா என்ன?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார். தாராளமாக இறக்கலாம். ஆனால் முன்பணம் கட்டிவிட்டேன், காகிதங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதும் எனக்குப் பகீரென்றது.

2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி, பழம் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இங்கே இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். அனுமதி எந்தப் பழத்துக்கு, எந்த நாட்டிலிருந்து, யார் பெயரில் என்பதைப் பொறுத்தது. ஒருவர் வாங்கியதை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. நீங்கள் கேட்கும் பழமும் நாடும் ஆணையின் பட்டியலில் சேர்ந்து இல்லையென்றால், முதலில் பூச்சி அபாய ஆய்வு நடக்க வேண்டும். அது ஒரு பருவத்துக்குள் முடிகிற வேலையில்லை. ஆகவே விலை பேசுவதற்கு முன்பே பட்டியலைப் பாருங்கள்.

அடுத்தது தாவர நலச் சான்றிதழ். தொழிலில் இருப்பவர்கள் 'பைட்டோ' என்பார்கள். விற்பவர் தன் லெட்டர்பேடில் எழுதித் தருவது பைட்டோ ஆகாது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசுத் தாவரப் பாதுகாப்பு அமைப்புதான் தர வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இதில்தான், நானும் சறுக்கினேன். அனுமதியில் எந்தெந்தப் பூச்சிகள் இல்லை என்று உறுதி கேட்டிருக்கிறார்களோ, பூச்சியைக் கொல்ல என்ன குளிர்முறை கேட்டிருக்கிறார்களோ, அவை கூடுதல் உறுதிமொழியாகச் சான்றிதழில் அப்படியே இருக்க வேண்டும். என் முதல் சரக்கில் அந்த இரண்டு வரி விடுபட்டிருந்தது. திருத்திய சான்றிதழ் வருவதற்குள் பழத்தில் பூசணம் பூத்துவிட்டது. மிளகாய் மூட்டை என்றால் ஒரு வாரம் பொறுக்கும், பெர்ரி பொறுக்காது. அதனால் பெட்டிக்குச் சீல் வைக்கும் முன்பே சான்றிதழின் வரைவை வரவழைத்து, சுங்க வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட்டோடு உட்கார்ந்து அனுமதியோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். தாவரப் பெயர், எடை, பெட்டி எண்ணிக்கை எல்லாம் பொருந்த வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புள்ளிச் சிறகுப் பழ ஈ என்று ஒன்று உண்டு. இதன் நெருங்கிய இன ஈக்கள் பெரும்பாலும் அழுகத் தொடங்கிய பழத்தைத் தேடும். இதன் பெண் ஈயோ ரம்பம் போன்ற உறுப்பால் நல்ல பழத்தின் தோலைக் கீறி உள்ளே முட்டையிடும். வெளியே பார்த்தால் பழம் பளபளவென்றுதான் இருக்கும். நம் ஊரிலேயே பட்ட பாடும் இருக்கிறது: 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பகுதியைச் சேர்ந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எதையும் விடவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதற்குள் எத்தனை தோட்டங்களை வெட்டி எறிந்தார்கள்!

பழத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, அடியில் இருக்கும் மரப் பலகையை மறப்பதும் வழக்கம். பேலட் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்புக்கொண்ட வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். கோதுமைக் கதிர் படமுள்ள முத்திரைதான் அதற்கு அத்தாட்சி. ஏற்றும்போதே அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழத்தோடு இலை, மண் ஒட்டியிருக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி தனி. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது.

மலேசியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கேமரன் மலையில் வாங்கிய ஸ்ட்ராபெரிக் கன்றை ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து எடுத்து வராதீர்கள். நடவுச் செடிக்கு விதி இன்னும் கடுமை. தெரியாமல் எடுத்து வந்துவிட்டீர்களா, சரி, திருச்சி விமான நிலையத்திலேயே அதிகாரிகளிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வாருங்கள்.