கடல் பார்க்க வந்தவரைக் கடலுக்கு வேண்டியவர் ஆக்குவது எப்படி

மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் (ஸ்நார்கெல்) மாட்டிப் பவளப்பாறைக்கு மேல் ஒருமுறை மிதந்தாலே ஆள் மாறிவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். அது தானாக நடப்பதில்லை. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து, குளிரில் நடுங்கி, வழிகாட்டியை எட்டிப் பிடிக்க நீந்தியே களைத்துத் திரும்பியவருக்கு மூச்சுத் திணறியதுதான் நினைவில் நிற்கும். ஓர் உயிரை நிதானமாகப் பார்த்த சில நிமிடங்களும், அதையொட்டிக் கையில் கிடைத்த ஒரு வேலையும்தான் மனதில் தங்குகின்றன. புதியவர்களைக் கடலுக்கு அழைத்துப்போகிறவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்தே பயணத்தை அமைக்க வேண்டும்.

இடமும் நேரமும்

இடம் அழகாக இருப்பதைவிட அமைதியாக இருப்பது முக்கியம். பாறையின் உச்சிக்கு மேல் குறைந்தது ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் கால் தட்டும். பக்கத்திலேயே இடுப்பளவு ஆழமுள்ள மணல்தரை இருந்தால் முதல் பத்து நிமிடம் அங்கே பழகலாம். ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறி முடிந்து அசையாமல் நிற்கும் வேளையாக, காற்று எழுவதற்கு முன்னால் இறங்குங்கள். முதலில் வழிகாட்டி இறங்கி, கையைக் காலை அசைக்காமல் ஒரு நிமிடம் மிதந்து பார்க்கட்டும். நீரோட்டம் பத்து மீட்டருக்கு மேல் இழுத்துப்போனால் அன்று புதியவர்களை இறக்க வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி. தலைகளை எண்ணிக்கொண்டிருக்கக் கரையிலோ படகிலோ இன்னொருவர்.

மாஸ்க் சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை

பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தால் அது கீழே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். நின்ற பிறகும் தண்ணீர் கசிந்தால், பெரும்பாலும் ஓரத்தில் ஒரு கற்றை முடி சிக்கியிருக்கும், மீசையாலும் கசியும். கசிகிறதே என்று பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இறுக்கினால் சிலிக்கான் ஓரம் மடங்கி இன்னும் கசியும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையால் உள்பக்கத்தை இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் ஆவி படிந்துகொண்டே இருக்கும். இறங்குவதற்கு முன் குழந்தைகள் ஷாம்பூவில் ஒரு துளி தடவி, லேசாக அலசினால் போதும்.

தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுக்கும். குளிர ஆரம்பித்தவர் மீனைப் பார்க்க மாட்டார், கரையைத்தான் பார்ப்பார். எனவே முழுக்கை நீச்சல் சட்டை கட்டாயம். முதல் தடவை முப்பது, நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சட்டை போட்டால் சன்ஸ்கிரீனும் பாதியாகக் குறையும். பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன்களின் சில்லறை விற்பனையை ஹவாய் 2021 முதல் தடைசெய்திருக்கிறது. வாங்கும்போது இந்த இரண்டு பெயர்களையும் பார்த்துத் தவிருங்கள்.

தொடாமல் பார்க்க

கையைவிட அதிகமாகப் பவளத்தில் இடிப்பது காலில் மாட்டிய ஃபின் என்ற நீச்சல் துடுப்புதான், ஏனென்றால் நீண்டிருக்கும் அதன் நுனி எங்கே போகிறது என்பது போட்டிருப்பவருக்கே தெரியாது. குண்டான பாறைப்பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. ஓர் உதையில் உடைவது பல வருட வளர்ச்சி. இறங்குமுன் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். செயின்ட் லூசியா தீவில் முக்குளிப்பவர்களைக் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், சுருக்கமான முன்னுரையால் மட்டும் இடிப்பது குறையவில்லை. இடித்த உடனே வழிகாட்டி தண்ணீருக்குள்ளேயே திருத்தியபோதுதான் குறைந்தது. கேமரா வைத்திருந்தவர்கள் அதிகமாக இடித்ததும் அதில் தெரிந்தது. முதல் பயணத்தில் கேமராவை வழிகாட்டி மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பதறத் தொடங்குகிறவரை மல்லாந்து மிதக்க வைத்து, மூச்சை மெதுவாக முழுதாக வெளியே விடச் சொல்லுங்கள். குழாய் வாயில் இருக்கும்போது அரைகுறையாக விட்டால் அதில் தங்கும் பழைய காற்றையே திரும்ப இழுப்பார், பதற்றம் கூடும்.

பிறகு, பத்து இடம் காட்டாமல் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். கூட்டம் வந்ததும் மீன்கள் ஒதுங்கும். ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால் திரும்பி வரும். அதற்கு மிகச் சிறந்த இடம், இந்தோ-பசிபிக் கடல்களில், துப்புரவு மீன் குடியிருக்கும் பாறை. விரல் நீள மீன், நீல உடலில் தலை முதல் வால் வரை ஒரு கருங்கோடு. பெரிய களவாய் மீன் அதன் எதிரே வந்து நின்று, வாயையும் செவுளையும் விரித்துக் கொடுக்கும்; சின்ன மீன் உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கிவிட்டுப் பத்திரமாக வெளியே வரும். இதைப் பார்த்து முடித்ததும், தண்ணீரை விட்டுத் தலையைத் தூக்கிய அந்த நிமிடமே சொல்ல ஒரு செய்தி இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பாறைத் திட்டுகளிலிருந்து இந்த மீனை மட்டும் எட்டரை ஆண்டுகள் அகற்றியே வைத்திருந்தார்கள், அங்கே மற்ற மீன்களின் எண்ணிக்கையும் வகையும் குறைந்துபோயின. இதைக் கரையில் உரையாகக் கேட்டால் யாருக்கும் பதியாது.

கையில் ஒரு வேலை

பவளத்தின் நிறத்தை வைத்து அதன் நலத்தைக் கண்காணிக்க, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தின் வண்ண அட்டை புதியவர்களுக்குப் பொருத்தமானது. பவளத்துக்கு அருகில், அதைத் தொடாமல் அட்டையைப் பிடித்து, அதன் மிக வெளிறிய பகுதிக்கும் மிக அடர்ந்த பகுதிக்கும் ஒத்த கட்டங்களைக் குறிக்க வேண்டும். எண் ஆறு ஆரோக்கியமான அடர்நிறம், ஒன்று வெளிறியது. ஒரு பயணத்தில் 20 பவளங்கள் இலக்கு. இரண்டிரண்டு பேராகப் பிரித்தால் ஒரு ஜோடிக்குப் பத்து. கிளைகளின் நுனி இயல்பாகவே வெளுத்திருக்கும், அதை அளக்க வேண்டாம். புதியவர்களின் கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

வெளுத்த பவளத்தைக் கண்டால் செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள். சூட்டைத் தாங்காமல் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றியிருக்கிறது. உணவில் பெரும்பங்கு அந்தப் பாசி தந்ததுதான். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், வாரக்கணக்கில் நீடித்தால் பட்டினியில் சாகும். எல்லாம் போய்விட்டது என்று கேட்டவர் கையை விரித்துவிடுவார். பிழைக்க வழி உண்டு என்று தெரிந்தவர்தான் ‘நான் என்ன செய்யலாம்’ என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில் தயாராக இருக்கட்டும், அதுவும் அவர் கண்ணால் கண்டதோடு ஒட்டியதாக. நங்கூரம் கிழித்த தடத்தைப் பார்த்தார்களா? நங்கூரம் போடாமல் படகைக் கட்ட நிரந்தர மிதவை கேட்கும் மனுவில் அன்றே கையெழுத்து வாங்குங்கள். தலை ஈரம் காயுமுன் கேட்க வேண்டும்; வீட்டுக்குப் போன பின் அனுப்பும் மின்னஞ்சலுக்கு அந்த வலு இல்லை. அட்டையில் குறித்த எண்களை அங்கேயே உட்கார்ந்து கோரல்வாட்ச் தளத்தில் பதிவேற்றுங்கள். மாதம் கழித்து அதே இடத்தின் புதிய எண்களை அவர்களுக்கு அனுப்புங்கள், வெளிறியிருந்தால் அதையும் மறைக்காமல். இரண்டாம் முறை வருகிறவரிடம் வண்ண அட்டையைக் கொடுத்து, புதிதாக வந்த ஒருவரையும் அவரோடு ஜோடி சேர்த்துவிடுங்கள்.