மசாலாப் பொடித் தொழில் தொடங்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு மசாலாப் பொடி, ஊறுகாய்த் தொழில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் நான் சறுக்கிய இடங்களிலேயே புதிதாக வருகிறவர்களும் சறுக்குகிறார்கள். மிளகாய் சரியாகக் காயாதது, கவர் ஒட்டாதது எல்லாம் நாலு முறை அரைத்தால் தானாகப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் வீட்டுக்காரர் பெயரில் போடுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வறுப்பது, சலிப்பது, கடை கடையாக ஏறி இறங்குவது எல்லாம் அவள். உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி, கரண்ட் அக்கவுண்ட், ஸ்கேனர் எல்லாம் அவர் பெயரில். கேட்டால், "அவருதானேக்கா ஆபீஸுக்கெல்லாம் அலையுறாரு" என்பார்கள்.

என்னிடம் பயின்ற ஒரு தங்கை சாம்பார் பொடியில் நல்ல பெயர் எடுத்தாள். அரவை மெஷின் வாங்க, சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். விற்ற பணமெல்லாம் கணவர் கணக்கில் இருந்ததால், அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். அவருக்கோ பழைய பைக் கடனில் தவணை தவறி சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெட்டிருந்தது. காகிதத்தில் அவளுக்குத் தொழிலே கிடையாது. இரண்டு பேருக்கும் கடன் கிடைக்கவில்லை.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தனிநபர் தொழிலில் ஆளும் தொழிலும் ஒன்றுதான். ஜிஎஸ்டி அவருடைய பான் எண்ணில் இருக்கும். உங்களுக்குப் புதிதாக எடுக்க வேண்டும். உணவுப் பதிவின் 14 இலக்க எண் மாறும், அச்சடித்து வைத்த கவரெல்லாம் வீண். மத்திய அரசுத் துறைகள் தங்கள் கொள்முதலில் 3 சதவீதத்தைப் பெண்களின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2018 முதல் விதி உண்டு. உரிமையாளர் ஆண் என்றால் அந்தக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள்.

அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். நாளை அவருக்கு ஏதாவது ஆகி வங்கிக் கணக்கு முடங்கினால், மிளகாய் மண்டிக்கு யார் பணம் கொடுப்பது?

குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிகிற உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. உங்கள் ஆதாரும் பானும் போதும். ஆதாரில் இருக்கும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும், ஓடிபி அவர் போனுக்குப் போக வேண்டாம். வங்கியில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். ஈடு கேட்காமல் கொடுக்க வேண்டிய கடன் முத்ரா. மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர்களுக்குக் கடனில் கொடுப்பது

வேண்டாம்.

வாரத் தவணைக் கடனில் சரக்கு எடுப்பது

தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும். கடைக்காரர் பணம் தர ஒரு மாதம் ஆகும். நடுவில் நகை அடகுக்குப் போகும்.

தன் கூலியைக் கணக்கில் எழுதாதது

மிளகாய், மல்லி, அரவைக் கூலி, கவர் எல்லாவற்றையும் எழுதுகிறவர்கள் தங்கள் உழைப்பை மட்டும் எழுதுவதில்லை. "வீட்லதானே இருக்கேன்" என்கிறார்கள். வியாபாரம் பெருகி ஆள் வைக்கும்போது அந்த விலையில் கூலி கட்டாது. விலையை ஏற்றினால் பழகிய கடைகளே சரக்கை எடுக்காது. முதல் பாக்கெட்டுக்கு விலை வைக்கும்போதே உங்கள் கூலியைச் சேருங்கள். அதுவும் உங்கள் ஊரில் ஆணுக்கு என்ன கூலியோ, அந்தக் கூலியை.